முதலில் வெப்பமானி, பிறகு ஊசி

2021 பிப்ரவரி நடுவில் டெக்சஸைத் தாக்கிய பனிப்புயலில் டாலஸ்-ஃபோர்ட் வொர்த் விமான நிலைய வெப்பநிலை மைனஸ் 19 டிகிரி செல்சியஸ் வரை இறங்கியது. 1949-க்குப் பிறகு அங்கே அப்படியொரு குளிர் பதிவானதில்லை. கடற்கரையை ஒட்டிய ஹூஸ்டனிலேயே மைனஸ் 10. மாநிலத்தின் மின்கட்டமைப்பு மொத்தமாகச் சரிந்து விழ இன்னும் 4 நிமிடம் 37 விநாடிதான் இருந்தது என்று அதை நடத்தும் எர்காட் அமைப்பே பின்னர் சொன்னது. சரியாமல் காப்பாற்றுவதற்காக 45 லட்சம் வீடுகள், கடைகளுக்கு மின்சாரம் நிறுத்தப்பட்டது. கோடை வெயிலை மனத்தில் வைத்துக் கட்டிய வீடுகள் அவை. ஹீட்டர் நின்ற சில மணி நேரத்தில் உள்ளே இருப்பதும் வெளியே இருப்பதும் ஒன்றாகிப்போனது. மாநில சுகாதாரத் துறையின் இறுதிக் கணக்குப்படி இறந்தவர்கள் 246 பேர். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினரைக் கொன்றது குளிர். அதே ஆண்டு மே மாதம் பஸ்ஃபீட் நியூஸ் வெளியிட்ட ஆய்வு, வழக்கமான இறப்பு விகிதத்தோடு ஒப்பிட்டு, உண்மை எண்ணிக்கை 700-ஐ ஒட்டி இருக்கும் என்றது. இதயநோய், சர்க்கரை நோய் போன்றவை ஏற்கெனவே இருந்தவர்களின் மரணங்கள் புயலின் கணக்கில் ஏறாமல் போயிருக்கும் என்பது அதன் வாதம்.

அந்த இரண்டு எண்களுக்கும் இடையே உள்ள இடைவெளியைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது. மின்கம்பிகளைப் பற்றியும் எரிவாயுக் குழாய்களைப் பற்றியும் அன்று முதல் நிறையப் பேசியாகிவிட்டது. குளிர்ந்துபோன ஒருவர் ஆம்புலன்ஸில் ஏறிய பிறகு என்ன நடக்கிறது என்பதைப் பற்றி மருத்துவ வட்டத்துக்கு வெளியே யாரும் பேசுவதில்லை. நெஞ்சு நின்றவருக்கு ஊசி போடுகிறோம், அதிர்ச்சி கொடுக்கிறோம். பலன் இல்லையென்றால் நம்மால் ஆனதைச் செய்தோம் என்று ஆறுதல் கொள்கிறோம். ஆனால் 37 டிகிரி உடலில் சோதித்து, 37 டிகிரி உடலுக்காக அளவு குறித்த மருந்து, 29 டிகிரி உடலில் அதே மருந்தாக வேலை செய்வதில்லை. இதைச் சொல்வதற்குப் போதுமான சான்று இருக்கிறது. ஆகவே குளிர் காலத்தில் மயங்கிக் கிடப்பவரின் உள்வெப்பத்தை அளப்பது, நாடி பார்ப்பதற்கு இணையான முதல் கடமையாக வேண்டும். பனி அரிதான மாநிலங்களில் இது இன்னும் கட்டாயமாக வேண்டும்.

இதயத்தின் துடிப்பைத் தொடங்கிவைக்கும் செல்கள், மின்னூட்டம் பெற்ற சோடியம், பொட்டாசியம், கால்சியம் அயனிகளை உள்ளே வெளியே நகர்த்தி வேலை செய்பவை. அந்த நகர்வுக்கு வழிவிடும் புரதங்கள் வெப்பத்துக்குக் கட்டுப்பட்டவை. உடல் 35 டிகிரிக்குக் கீழே போனாலே மருத்துவம் அதை ஹைப்போதெர்மியா என்கிறது. 32-க்குக் கீழே துடிப்பு தளர்கிறது, மின்சமிக்ஞை இதயத்தைக் கடந்து செல்ல எடுக்கும் நேரம் நீள்கிறது, இசிஜி தாளில் கியூஆர்எஸ் அலையின் முடிவில் ஒரு சின்னத் திமில் எழுகிறது. 1953-இல் அதை விவரித்த ஜான் ஆஸ்பார்னின் பெயராலேயே அது இன்றும் ஆஸ்பார்ன் அலை எனப்படுகிறது. 28-க்குக் கீழே, நோயாளியைச் சற்று முரட்டுத்தனமாகப் புரட்டிப் போட்டாலே இதயக் கீழறைகள் தாளம் தப்பி அதிரத் தொடங்கிவிடலாம். இந்த ஆஸ்பார்ன் அலையில் ஒரு பொறியும் இருக்கிறது. இசிஜி இயந்திரத்தின் தானியங்கி வாசிப்பு அதை மாரடைப்பின் அடையாளமாக எடுத்துக்கொண்டுவிடக்கூடும். வெப்பம் பார்க்காத மருத்துவர் அதை நம்பி, ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைக் கையில் எடுத்தால் என்ன ஆகும்? குளிர்ந்த உடலில் ரத்தம் ஏற்கெனவே உறையத் திணறிக்கொண்டிருக்கும். ஒரு வெப்பமானி தடுத்திருக்கக்கூடிய ரத்தக்கசிவு அது.

துடிப்பு குறைந்தால் அட்ரோபின் கொடுப்பது மருத்துவ மாணவர்கள் முதலில் மனப்பாடம் செய்யும் பாடங்களில் ஒன்று. வேகஸ் நரம்பு இதயத்தைப் பிடித்து இழுக்கும்போது அந்தப் பிடியை அட்ரோபின் தளர்த்தும். குளிரால் குறைந்த துடிப்பில் வேகஸுக்குப் பங்கில்லை. துடிப்பைத் தொடங்கும் செல்களே மந்தமாகியிருக்கின்றன. தளர்த்த எந்தப் பிடியும் இல்லாத இடத்தில் அட்ரோபின் என்ன செய்யும்? மருந்தில் கோளாறு இல்லை, கொடுப்பவர் கையிலும் கோளாறு இல்லை. மருந்து எந்தக் காரணத்தைக் குறிவைக்கிறதோ அந்தக் காரணம் அங்கே இல்லை.

இதைவிட ஆபத்தானது, கொடுத்த மருந்து வெளியேறாமல் உடலிலேயே தங்கிப்போவது. பெரும்பாலான மருந்துகளை உடைத்துக் கழிப்பது கல்லீரலின் சைட்டோகுரோம் பி450 என்ற நொதிக் குடும்பம். அதன் வழியே கழியும் மருந்துகளின் வெளியேற்றம், உடல் வெப்பம் ஒவ்வொரு டிகிரி குறையும்போதும் சுமார் 7 முதல் 22 சதவீதம் வரை குறைகிறது என்று 2007-இல் வெளியான ஒரு திறனாய்வு தொகுத்துச் சொன்னது. அறுவை அரங்கில் தசைகளைத் தளர்த்தப் பயன்படும் வெகுரோனியம் என்ற மருந்தை எடுத்துக்கொண்டால், உடல் இரண்டே டிகிரி குளிர்ந்தால் அதன் வேலை நேரம் இரட்டிப்பாகிறது என்பது மயக்கவியல் மருத்துவர்களுக்குப் பல பத்தாண்டுகளாகத் தெரிந்த செய்தி. இப்போது 29 டிகிரியில் இதயம் நின்ற ஒருவரை நினைத்துப் பாருங்கள். முதல் ஊசிக்கு அசைவில்லை. சில நிமிடத்தில் இரண்டாவது, பிறகு மூன்றாவது. ரத்தம் மெல்ல நகர்வதால் போட்டதெல்லாம் போட்ட இடத்துக்கு அருகிலேயே தேங்கி நிற்கிறது, கல்லீரலும் தொடுவதில்லை. அரை மணி நேரம் கழித்து உடல் சூடேறி, சுருங்கிய குழாய்கள் விரியும்போது அத்தனையும் சேர்ந்து ஒரே நேரத்தில் இதயத்தை எட்டுகின்றன. மீண்டுவரப் பார்க்கும் இதயத்துக்கு அதைவிடக் கெட்ட வரவேற்பு கிடையாது.

ஐரோப்பிய மீட்புச் சிகிச்சைக் கழகத்தின் 2021 வழிகாட்டுதல் இந்த அச்சத்தை விதியாகவே ஆக்கியிருந்தது. உள்வெப்பம் 30 டிகிரிக்குக் கீழே இருந்தால், நின்ற இதயத்துக்கு வழக்கமாகப் போடும் அட்ரினலின் வேண்டாம். 30-க்கும் 35-க்கும் இடையே என்றால் இரண்டு ஊசிகளுக்கு நடுவிலான இடைவெளியை இரட்டிப்பாக்கு. மின் அதிர்ச்சி மூன்று முறைக்கும் பலிக்கவில்லை என்றால் 30 டிகிரியைத் தாண்டும் வரை பொறு. அமெரிக்க இதயச் சங்கம் இந்த வழியில் போகவில்லை. சூடேற்றிக்கொண்டே வழக்கமான முறையில் அட்ரினலின் கொடுப்பதையும் கருதலாம் என்று அதன் 2020 வழிகாட்டுதல், அதுவும் வலுக்குறைந்த பரிந்துரையாக, சொன்னது. இங்கேதான் எதிர்வாதம் எழுகிறது: நிபுணர்களே ஒத்துப்போகாத விஷயத்தில் எதை வைத்து இவ்வளவு உறுதியாகப் பேசுவது? குளிரூட்டிய விலங்குகளில் செய்த சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தால், அட்ரினலின் போல ரத்தக்குழாயைச் சுருக்கும் மருந்துகள் பெற்றவற்றில் நின்ற இதயம் மீண்டும் துடித்தது கூடுதல்தானே?

நியாயமான கேள்வி. அந்த விலங்குச் சான்றை ஒதுக்கிவிட முடியாது. அமெரிக்கச் சங்கம் கதவைத் திறந்து வைத்ததற்கு அதுவே முக்கியக் காரணம். ஆனால் இதயம் மறுபடி துடிப்பது ஒன்று, ஆள் எழுந்து வீட்டுக்குப் போவது இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தைக் பெரும்பாலும் குளிர்ச்சி இல்லாத நோயாளிகளிடம் அளந்து பார்த்தது பிரிட்டனின் பாராமெடிக்-2 ஆய்வு. மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்ற 8,000-க்கும் மேற்பட்டோரிடம் நடந்து 2018-இல் வெளியான அந்த ஆய்வில், அட்ரினலின் பெற்றவர்களில் 3.2 சதவீதம் பேரும் பெறாதவர்களில் 2.4 சதவீதம் பேரும் 30 நாள் கழித்து உயிரோடு இருந்தார்கள். பிழைத்தவர்களில் மூளை கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களின் பங்கு அட்ரினலின் தரப்பில்தான் அதிகம். வெதுவெதுப்பான இதயத்திலேயே இவ்வளவு சிறிய லாபம் தரும் மருந்து, குளிர்ந்த இதயத்தில் பெரிதாகத் தரும் என்று எண்ண இடமில்லை. நார்வேயின் டிரோம்சோவில் ட்வைட்டா என்ற ஆய்வாளரின் குழுவினர் எலிகளில் பல ஆண்டுகள் செய்த சோதனைகளும் இதே திசையைத்தான் காட்டின. இயல்பு வெப்பத்தில் இதயத்தின் இறைப்பைக் கூட்டிய அட்ரினலின், குளிர்ந்த உடலில் ரத்தக்குழாய்களை இறுக்கியதே மிச்சம். இறைப்பு அதற்கேற்பக் கூடவில்லை. தளர்ந்த பம்பு அதிக அழுத்தத்தை எதிர்த்துத் தள்ள வேண்டியதாயிற்று. ஊசி போடுவதா வேண்டாமா என்பதில் ஐரோப்பாவும் அமெரிக்காவும் மாறுபட்டாலும், சூடேற்றாமல் எதுவும் நிலைக்காது என்பதில் இரண்டும் ஒரே குரல். இந்த இடத்தைத்தான் நான் பிடித்துக்கொள்கிறேன். இரண்டு விதிகளில் எதைப் பின்பற்றினாலும் நோயாளியின் வெப்பம் எத்தனை டிகிரி என்று தெரிந்தாக வேண்டும்.

இன்னொரு மறுப்பு இதற்கு எதிர்த்திசையில் இருந்து வரும். குளிர் இதயத்துக்குக் கேடு என்றால், மருத்துவர்களே ஏன் நோயாளிகளைக் குளிரூட்டுகிறார்கள்? 1952-இல் மினசோட்டாவில் ஜான் லூயிஸ் உடலைக் குளிரவைத்துத்தான் இதயத்தைத் திறந்து அறுவை செய்தார். இன்றும் பல இதய அறுவைகளில் உடலைக் குளிர்விக்கிறார்கள். குளிர் மூளையின் ஆக்சிஜன் தேவையைக் குறைத்து அதைக் காக்கிறது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் இன்றைய அறுவை அரங்கில் நுரையீரலின் வேலையையும் இதயத்தின் வேலையையும் இயந்திரம் பார்க்கிறது, ஒவ்வொரு டிகிரியும் திரையில் தெரிகிறது, மருந்தின் அளவு அதற்கேற்ப மாற்றப்படுகிறது. வெப்பத்தை அளந்தபடியே நடப்பதால்தான் அங்கே குளிர் கருவியாகிறது. அப்படி அளந்து செய்தும்கூட அதற்கு விலை உண்டு. இதயம் நின்று மீண்ட நோயாளிகளை 33 டிகிரிக்குக் குளிர்விப்பதால் பலன் உண்டா என்று 1,850 பேரிடம் சோதித்த டிடிஎம்-2 ஆய்வு 2021-இல் வந்தது. உயிர்பிழைப்பில் வேறுபாடு இல்லை. ரத்த ஓட்டத்தையே குலைக்கும் அளவுக்கான தாளக்கோளாறு, குளிர்விக்கப்பட்டவர்களில் 24 சதவீதம் பேருக்கு வந்தது. மற்றவர்களில் 17 சதவீதம். தீவிர சிகிச்சைப் பிரிவின் அத்தனை கண்காணிப்புக்கு நடுவிலும் இந்த நிலை என்றால், வெப்பநிலையே தெரியாமல் ஓடும் ஆம்புலன்ஸில் என்ன நடக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

வெப்பமே மருந்து என்பதற்கு உலகம் அறிந்த சான்று 1999 மே 20 அன்று நார்வேயின் நார்விக் அருகே கிடைத்தது. பனிச்சறுக்கின்போது ஓடையின் பனித்தகட்டுக்கு அடியில் சிக்கிக்கொண்ட இளம் மருத்துவர் ஆன்னா பாகென்ஹோம் 80 நிமிடம் நீரில் கிடந்தார். மீட்கப்பட்டு டிரோம்சோ மருத்துவமனைக்கு வந்தபோது இசிஜியில் நேர்கோடு, உள்வெப்பம் 13.7 டிகிரி. எந்த ஊசியும் அவர் இதயத்தைத் திருப்பவில்லை. ரத்தத்தை உடலுக்கு வெளியே எடுத்துச் சூடாக்கி, ஆக்சிஜன் ஏற்றித் திருப்பி அனுப்பும் இயந்திரத்தில் இணைத்தார்கள். இதயம் துடிக்கத் தொடங்கியது. பல மாதச் சிகிச்சைக்குப் பிறகு அவர் மருத்துவப் பணிக்கே திரும்பினார். சூடேற்றிப் பார்த்த பின்னரே இறந்ததாக முடிவு செய் என்ற மருத்துவ வழக்கத்துக்கு இவரைப் போன்றவர்களே ஆதாரம். மூச்சுத்திணறி இதயம் நின்ற பிறகு குளிர்ந்தவருக்கு இந்த வாய்ப்பு மிகக் குறைவு. முதலில் குளிர்ந்து, அதனால் இதயம் நின்றவருக்குக் கணிசமாக உண்டு. யார் எந்த வகை என்று பிரித்தறியவும் வெப்பநிலையும் ரத்தத்தின் பொட்டாசிய அளவும் வேண்டும். அப்படி ரத்தத்தை வெளியே எடுத்துச் சூடேற்றும் எக்மோ இயந்திரம் உள்ள மருத்துவமனைக்கு நேரே போவதா, பக்கத்து மருத்துவமனைக்குப் போவதா என்ற முடிவும் அந்த எண்களைச் சார்ந்தே இருக்கிறது. டென்டன் கூலி 1962-இல் டெக்சஸ் இதயக் கழகத்தைத் தொடங்கிய ஹூஸ்டனில் இந்த இயந்திரத்துக்கோ அதை ஓட்டத் தெரிந்தவர்களுக்கோ பஞ்சமில்லை. எண்ணைப் படிக்காததால் நோயாளி அங்கே போய்ச் சேராமல் போவதுதான் பஞ்சம்.

அளப்பது எளிதல்ல என்று களத்தில் உழைப்பவர்கள் சொல்வார்கள், அதுவும் உண்மையே. நம் வீட்டு வெப்பமானி காய்ச்சலைப் பிடிக்கப் பிறந்தது. பழைய பாதரசக் குழாயில் கோடுகள் 35 டிகிரியை ஒட்டித்தான் தொடங்கும். அதற்குக் கீழே இருப்பவர் எல்லாம் அதன் கண்ணில் ஒன்றே. நெற்றியில் காட்டும் அகச்சிவப்புக் கருவி குளிர்ந்த தோலைப் படிக்குமே தவிர உள்ளே இருக்கும் இதயத்தைப் படிக்காது. நம்பத்தகுந்த அளவு, மூச்சுக்குழாய் பாதுகாக்கப்பட்ட நோயாளியின் உணவுக்குழாயில், இதயத்துக்குப் பின்புறம் வரை இறக்கும் மெல்லிய கம்பி உணரியில்தான் கிடைக்கும். அதற்குப் பயிற்சி வேண்டும். அதனால்தான் மலை மீட்புக் குழுக்கள், நடுங்குகிறாரா, நினைவு இருக்கிறதா, மூச்சு இருக்கிறதா என்று பார்த்து நிலை பிரிக்கும் சுவிஸ் முறையைக் கைக்கொண்டன. கருவி இல்லாத இடத்தில் அந்த முறையாவது இருக்கட்டும். அதிகம் பனி பெய்யும் மாநிலங்களில் இவையெல்லாம் பழக்கத்தில் ஊறியவை. ஆண்டில் பத்து மாதம் வெயிலில் மயங்கியவர்களைப் பார்க்கும் ஊரில், குளிர் என்ற எண்ணமே முதலில் எழாது. அந்த ஊருக்குத்தான் எழுதிவைத்த நடைமுறை கூடுதலாகத் தேவைப்படுகிறது. பத்தாண்டுக்கு ஒருமுறை வரும் குளிருக்கு இவ்வளவு செலவா என்று கேட்பவர்களுக்கு டெக்சஸின் மின்துறையே பதில். 2011 பிப்ரவரிக் குளிரில் மின்வெட்டு வந்தபோது, மின் நிலையங்களைக் குளிருக்குத் தயார்ப்படுத்துங்கள் என்று மத்திய விசாரணை சொன்னது. கட்டாயம் ஆக்கவில்லை. பத்து ஆண்டில் 2021 வந்தது. அதன் பிறகே, அந்த ஆண்டு ஜூனில், சட்டம் வந்தது. மின் நிலையத்தைக் காக்க ஆகும் செலவோடு ஒப்பிட்டால் உணரிக் கம்பியின் விலை ஒரு பொருட்டே இல்லை.

டெக்சஸ் மட்டும் என்று நினைக்கவும் வேண்டாம். 2013 குளிர்காலத் தொடக்கத்தில், பனி அரிதான கலிஃபோர்னியாவின் சான் ஹோசே வட்டாரத்தில், இரவு வெப்பம் உறைநிலையைத் தொட்ட சில நாட்களில் வீடற்றவர்கள் சிலர் குளிரால் இறந்தார்கள். நியூஜெர்சி 2017-இல் கோடு ப்ளூ சட்டம் கொண்டுவந்து, குளிர் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் வீடற்றவர்களுக்குத் தங்குமிடம் திறக்க மாவட்டங்களைப் பொறுப்பாக்கியது. நல்ல சட்டம். ஆனால் அது தெருவில் இருப்பவருக்கானது. அமெரிக்காவில் வாழும் நம் தமிழர்களிடம் ஆபத்து பெரும்பாலும் வீட்டுக்குள்ளேதான் இருக்கிறது. எடிசனிலும் ஃப்ரிஸ்கோவிலும் ஃப்ரீமான்டிலும் பிள்ளைகளோடு தங்க வரும் அப்பா அம்மாக்களின் மாத்திரைப் பெட்டியைத் திறந்தால், பிரஷருக்கு ஒரு பீட்டா பிளாக்கர், சர்க்கரைக்கு ஒன்றிரண்டு, சிலருக்குத் தைராய்டு, தூக்கத்துக்கு அல்லது பதற்றத்துக்கு ஒன்று. பீட்டா பிளாக்கர் குளிருக்கு இதயம் தரும் பதிலை மட்டுப்படுத்தும். தூக்க மாத்திரையும் மனநல மருந்துகள் சிலவும் நடுக்கத்தை மழுங்கடிக்கும். நடுக்கம்தான் உடல் தானே மூட்டிக்கொள்ளும் அடுப்பு. சர்க்கரை தாழ்ந்தாலும் தைராய்டு குறைந்தாலும் உடலால் சூட்டைத் தக்கவைக்க முடியாது. உடல் குளிர்ந்ததும் இந்த மருந்துகளே மெல்லக் கழிந்து, காலையில் விழுங்கிய மாத்திரை இரவிலும் வீச்சோடு இருக்கலாம். ஆக, குளிரைத் தாங்கும் திறனை மருந்து குறைக்கிறது. மருந்தைக் கழிக்கும் திறனைக் குளிர் குறைக்கிறது. இதற்காக மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது, அது வேறொரு ஆபத்து. மின்சாரம் போன இரவில் அவர்களைத்தான் முதலில் வெப்பமான இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். பேச்சு குழறினால், நடை தள்ளாடினால், விரல்கள் பொத்தானைப் போட முடியாமல் தடுமாறினால், அதுவரை நடுங்கியவர் சட்டென்று நடுங்காமல் அமைதியானால், தூங்குகிறார் என்று விட்டுவிடக் கூடாது.

மாநில அரசுகளிடம் கேட்க வேண்டியவை பெரிய விஷயங்கள் இல்லை. உள்வெப்பம் பார்க்கும் கருவியை ஒவ்வொரு ஆம்புலன்ஸும் வைத்திருக்க வேண்டும். 30 டிகிரிக்குக் கீழே மருந்தை நிறுத்தி வைப்பதா, தொடர்வதா என்பதை அந்தந்த மருத்துவ இயக்குநர் இன்றே முடிவு செய்து எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். புயல் இரவில், பின் இருக்கையில் வைத்து விவாதிக்கும் விஷயமில்லை அது. எந்த மருத்துவமனையில் எக்மோ உண்டு, சாலை உறைந்தால் அங்கே எப்படிப் போவது என்ற வரைபடம் கட்டுப்பாட்டு அறையில் இருக்க வேண்டும். குளிர்கால மின்வெட்டில் இறந்த ஒவ்வொருவரின் கோப்பிலும் கண்டெடுத்தபோதிருந்த உடல் வெப்பமும், வீட்டின் வெப்பமும், அவர் எடுத்துவந்த மருந்துகளும் பதியப்பட வேண்டும். அந்த மூன்று தகவலும் இருந்திருந்தால் 246-க்கும் 700-க்கும் இடையே தொலைந்தவர்களில் எத்தனை பேர் குளிரால் போனார்கள் என்று இன்று தெரிந்திருக்கும். தமிழ்நாட்டிலும் ஜனவரியில் உறைபனி விழும் நீலகிரியின் 108 ஆம்புலன்ஸ்களுக்கு இதே நடைமுறை பொருந்தும். வீட்டில் இருப்பவர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு: அவசர உதவிக்கு, அமெரிக்காவில் 911-ஐ, அழைக்கும்போது, மயங்கியவரின் வயதையும் மாத்திரைகளின் பெயரையும் சொல்வதோடு, வீட்டில் எத்தனை மணி நேரமாக ஹீட்டர் இல்லை என்பதையும் கேட்காமலே சொல்லுங்கள். எதிர்முனையில் இருப்பவருக்கு மாரடைப்பு மட்டும் நினைவில் இருக்கும் நேரத்தில், குளிரையும் நினைவூட்டும் தகவல் அது.